தடையும் கருணையும் ஒரே வசனத்தில்



இம்மாதப் பாடத்துக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது பேசக் கூசும் ஒரு விஷயம்: தற்கொலை. 'நம் சமுதாயத்தில் அது கிடையாது' என்று சொல்லியே பழகிவிட்டோம். வயிற்றுவலி என்று சொல்லி அடக்கம் செய்யப்பட்ட மய்யித்துகள் எத்தனை என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான்.

கணக்கு சொல்வது

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியாவில் 1,70,924 பேர் இவ்வாறு இறந்தனர். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் ஆண்கள். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர். பதிவான காரணங்களில் குடும்பப் பிரச்சினையும் நோயும் சேர்ந்து ஏறத்தாழப் பாதி.

பல முடிவுகள் கொதிப்பான ஒரு வேளையில் எடுக்கப்படுபவை. அந்த வேளை கடந்துவிட்டால் உயிர் தப்பிவிடும். 1990களில் உலகிலேயே மிக அதிக விகிதம் கொண்ட நாடுகளுள் ஒன்றாக இருந்தது இலங்கை. கொடிய பூச்சிமருந்துகளைப் படிப்படியாகத் தடைசெய்த பின் இருபது ஆண்டுகளில் அந்த விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. நம் மாநிலத்தில் தேர்வில் தவறிய பிள்ளைகளுக்கு அதே ஆண்டில் துணைத் தேர்வு வைப்பதும் இத்தகைய காப்புதான்.

மார்க்கம் சொல்வது

அந்நிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம் உயிரை மாய்த்துக்கொள்வதைத் தடுக்கிறது. அல்லாஹ்வின் கருணையை நினைவூட்டி முடிகிறது. நாம் முன்பாதியை உரக்கச் சொல்கிறோம், பின்பாதியை விட்டுவிடுகிறோம். 'ஹராம்' என்பதை மட்டும் கேட்டவர், அந்த எண்ணம் வந்ததையே வெளியில் சொல்ல அஞ்சுகிறார். சொன்னாலும் 'ஈமான் குறைவு' என்கிறோம்.

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், முன்பே மரணித்திருக்கக் கூடாதா என்று ஏங்கியதைக் குர்ஆன் (19:23) சொல்கிறது. அதற்கு வந்த பதிலில் கண்டனம் இல்லை. ஆறுதல் இருந்தது, குடிக்க நீரும் உண்ணப் பேரீச்சம்பழமும் இருந்தன, ஊராருக்குப் பதில் சொல்லும் சுமையும் நீங்கியது.

சில ஆண்டுகளுக்கு முன் கல்வி உதவி கேட்டு ஒரு தகப்பனார் நம் அலுவலகத்துக்கு வந்தார். விண்ணப்பத்தில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திருப்பி அனுப்பினோம். வாசலில் காவலாளி அவரை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, "என்ன பாய், முகமே சரியில்லையே?" என்று கேட்டிருக்கிறார். அவர் அன்று கேட்டிராவிட்டால் வீடு திரும்பியிருக்க மாட்டேன் என்று அந்தத் தகப்பனார் பின்னொரு நாள் நம்மிடம் சொன்னார். நாம் படிவத்தைப் பார்த்தோம்; முகத்தைப் பார்க்கவில்லை.

நாம் செய்ய வேண்டியவை

1. சந்தேகம் வந்தால் நேராகவே, கனிவாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, மனப்பாரம் குறையும்.

2. அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து, மாத்திரைகளைக் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

3. துஆவோடு மருத்துவமும் வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவது தவக்குலுக்கு முரணில்லை. மனநோய்க்குச் சாப்பிடுவதும் அப்படியே.

4. முயன்று பிழைத்தவரை வழக்குக்குப் பயந்து வீட்டிலேயே வைத்திருக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதுகிறது, தண்டிக்கச் சொல்லவில்லை.

5. இழந்த வீட்டாரை ஒதுக்காதீர்கள். ஷாஃபிஈ, ஹனஃபி மத்ஹபுகளில் அந்த மய்யித்துக்கும் ஜனாஸா தொழுகை உண்டு. காரணம் துருவாமல் அவர்களோடு இருங்கள்; சம்பந்தம் பேசும்போது அதைக் குறையாகச் சொல்லாதீர்கள்.

இனி நம் அலுவலகத்துக்கு யார் வந்தாலும், படிவம் கேட்குமுன் உட்கார வைத்து நலம் விசாரிப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். வட்டிக் கடனோ, தேர்வோ, வீட்டுச் சண்டையோ, எதுவானாலும் வாருங்கள். இரவு பகல் எந்நேரமும் 14416 (டெலி மானஸ்) அல்லது 104 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம்.

அல்லாஹ் நம் ஒவ்வொருவரையும் பிறருடைய துயரைக் கேட்கும் செவியுடையவராக ஆக்குவானாக. ஆமீன்.