வதந்தியும் நாமும்: கொட்டாஞ்சேனை தரும் பாடம்

"ஊர் வாயை மூட உலைமூடி இல்லை" என்பது நம் முதியோர் வாக்கு. ஊர் வாயை மூட முடியாவிட்டாலும், அதற்கு நம் காதையாவது கொடாதிருக்கலாம் அல்லவா? கொழும்பு வாழ் கத்தோலிக்க குடும்பங்கள் இதைக் கற்க வெகுதூரம் போகவேண்டியதில்லை.

1883ஆம் ஆண்டு மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. கொட்டாஞ்சேனையில் மிகெட்டுவத்தே குணானந்த தேரரின் விகாரையில் நடந்த விழாவுக்குப் பௌத்தர்களின் ஊர்வலம் ஒன்று வந்துகொண்டிருந்தது. தேவமாதாவை இழிவுபடுத்தும் உருவம் அதில் கொண்டுவரப்படுகிறது என்ற கதை கத்தோலிக்கரிடையே பரவியது. ஆலய மணிகள் ஒலித்தன. தடிகளோடு ஆட்கள் திரண்டனர். ஊர்வலம் தாக்கப்பட்டது, பௌத்தர் ஒருவர் உயிரிழந்தார். வதந்தியை நம்பி அன்று கையோங்கியவர்கள் நம்மவர்களே. நீதி கிடைக்கவில்லை என்ற பௌத்தர்களின் மனக்குறையைக் கேணல் ஒல்கொட் 1884இல் லண்டன் வரை கொண்டுசென்றார்.

நல்ல மனிதரும் வதந்தியை நம்புவது ஏன்? கோர்டன் ஓல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் இருவர் இதனை ஆராய்ந்து 1947இல் நூலாக வெளியிட்டனர். ஒருவருக்கு ஒரு படம் காட்டப்பட்டது. ரயில் பெட்டியில் வெள்ளையர் ஒருவரும் கறுப்பினத்தவர் ஒருவரும் நிற்கின்றனர். சவரக்கத்தி இருப்பது வெள்ளையர் கையில். பார்த்தவர் அடுத்தவருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, பல தடவைகளில் கத்தி கறுப்பினத்தவர் கைக்கு மாறிவிட்டது! எவரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. உள்ளத்தில் முன்பே குடியிருந்த தப்பெண்ணமே கதையை மாற்றியது. விடயம் முக்கியமாயும் உண்மை தெளிவற்றும் இருக்கும் வேளையில் வதந்தி வலுப்பெறும் என்றும் அவர்கள் கண்டனர்.

நூறு ஆண்டுகளின் பின் அதே தீ தமிழரான நம்மை நோக்கி வந்தது. 1983 யூலை 29, வெள்ளிக்கிழமை. "புலிகள் கொழும்புக்குள் வந்துவிட்டனர்" என்ற வதந்தி கிளம்பவே, சற்றுத் தணிந்திருந்த வன்செயல் மீண்டும் மூண்டது. தமிழர் பலர் கொல்லப்பட்டனர். அந்நாட்களில் தமிழ் அயலவரைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்த சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தனர். ஊர் கேட்ட கதையை அவர்களும் கேட்டனர். ஆனால் பக்கத்து வீட்டாரை அவர்கள் இனமாக அல்ல, மனிதராக அறிந்திருந்தனர்.

2019 ஏப்ரல் 21, மீண்டும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலம் உட்படப் பல இடங்களில் நடந்த குண்டுத் தாக்குதல்களில் 260க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மூன்று வாரங்களின் பின் சிலாபத்தில் முஸ்லிம் ஒருவர் முகநூலில் எழுதிய ஒரு வரி மிரட்டலாகப் பொருள்கொள்ளப்பட்டது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. குண்டு வைத்தவர்களின் பழி, அதை அறியாதவர்கள் மேல் விழுந்தது.

வதந்தியால் அடித்தவர்களும் நாம், அடிபட்டவர்களும் நாம். இரு பக்கமும் நின்ற நமக்குப் பொறுப்பு அதிகம். எட்டாம் கட்டளை நாவுக்கு மட்டுமல்ல, கைத்தொலைபேசியில் செய்தி அனுப்பும் விரலுக்கும் உரியதே.

குடும்பமாகச் சிந்திக்க:

1. நாம் கேட்ட செய்தியைக் கண்ணாற் கண்டவர் யார்?

2. இதே செய்தி நம்மைப்பற்றி வந்திருந்தால் நம்புவோமா?

3. நம் ஒழுங்கையில் வாழும் வேற்று மதத்தவர் எத்தனை பேரை நமக்குப் பெயர் சொல்லித் தெரியும்?