வெற்றிலைக்குள் புகுந்த புகையிலை

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையையும் ஜாலான் புசாரையும் இணைக்கும் வீராசாமி சாலை, டெஸ்கர் சாலை, சையது ஆல்வி சாலை ஆகியவற்றில் ஞாயிற்றுக்கிழமை மாலை வேளையில் நடப்பது எளிதன்று. தமிழகத்திலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வந்து, கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் ஆயிரக்கணக்கானோர் ஆங்குக் கூடுகின்றனர். ஊருக்குப் பணம் அனுப்புவதும், மளிகைச் சாமான் வாங்குவதும், ஊர்க்காரரைக் கண்டு பேசுவதும் பெரும்பாலும் அன்றைக்கே. அந்தக் கூட்டத்திற்கு நடுவே, கைக்குள் அடங்கும் சிறு பொட்டலங்களும் மறைவாகக் கைமாறுவதுண்டு. வாயில் அதக்கும் புகையிலைப் பொட்டலங்கள் அவை.

ஜொகூர்ப் பாலம் கடந்து அன்றாடம் வேலைக்குச் செல்லும் தோட்டத்துப் பிள்ளைகளும், சிங்கப்பூரிலுள்ள உறவினரைக் காணச் செல்லும் பெரியவர்களும் இச்செய்தியை அறிந்திருத்தல் நலம். குட்கா, கைனி, ஜர்தா என்னும் வாய்ப்புகையிலை வகைகளும் மூக்குப்பொடியும் 2016ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் முதல் சிங்கப்பூரில் தடை செய்யப்பட்டுள்ளன. தடை வந்தபோது, கொண்டுவந்து விற்போருக்கு, முதல் குற்றத்திற்கே 10,000 வெள்ளி வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம் என்றிருந்தது. 2018 பிப்ரவரி முதல் வாங்குவதும், வைத்திருப்பதும், பயன்படுத்துவதுங்கூடக் குற்றமாயின. அதற்கு 2,000 வெள்ளி வரை அபராதம் என்று அறிவிக்கப்பட்டது. வேறோர் ஊரில் எளிதாக வாங்கிய பொட்டலம் சட்டைப்பையில் மறந்து கிடந்தாலும், பாலத்தைத் தாண்டியவுடன் அது தொல்லையாகிவிடும்.

எனினும், சட்டத்திற்கு அஞ்சி மட்டும் ஒரு பழக்கத்தை விட்டவர் மிகச் சிலரே. சட்டம் ஏன் வந்தது என்பது விளங்கினால்தான் மனம் இணங்கும்.

வெற்றிலையும் பாக்கும் நமக்குப் பழமையானவை. சிலப்பதிகாரத்தில், உணவு உண்டபின் கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். அங்கே புகையிலை இல்லை, இருந்திருக்கவும் முடியாது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கடல்வழியாகக் கொண்டுவந்த பிறகே அது இந்திய மண்ணில் வேரூன்றியது. பின்னர், வேதாரணியத்திலும் யாழ்ப்பாணத்திலும் மெல்லும் புகையிலை பெரும் பயிராயிற்று. திண்டுக்கல் புகையிலைக்கெனத் தனிப் பெயரே உண்டாயிற்று. தாம்பூலத் தட்டில் அது நுழைந்து சில நூற்றாண்டுகளே ஆகின்றன. ஆகவே, “பாட்டன் முப்பாட்டன் காலத்து வழக்கம்” என்று சொல்லி இதற்கு மரியாதை தேடுவது பொருந்தாது.

உழைப்பாளி ஏன் இதை நாடுகிறான்? இக்கேள்வியைக் கேளாமல் அறிவுரை கூறுவதில் பயனில்லை. விடியுமுன் பால் மரம் வெட்டச் சென்றவருக்கும், வெயிலில் செம்பனைக் குலை சுமந்தவருக்கும், பத்தாவது மாடியில் கம்பி கட்டியவருக்கும் பசியும் அயர்ச்சியும் ஒன்றே. ஒரு சிட்டிகைப் புகையிலையைக் கன்னத்தில் அதக்கினால் பசி அடங்கியது போலவும், தூக்கம் கலைந்தது போலவும் தோன்றுகிறது. பல்வலியும் சற்று மரத்துப்போகிறது. பீடிக்கு நெருப்பு வேண்டும், ஓய்வு வேண்டும்; மேற்பார்வையாளரின் கண்ணிலும் படும். வாய்ப்புகையிலைக்கு இவை எதுவும் தேவையில்லை. வேலை நடந்துகொண்டே இருக்கும். இந்த வசதியே அதன் முதல் கண்ணி.

இனி, வாய்க்குள் நிகழ்வதைக் காண்போம். புகையிலையிலுள்ள நிக்கோடின் என்னும் பொருளே பழக்கத்திற்கு அடிமையாக்குவது. புகையிலையோடு சேரும் சுண்ணாம்பு வாயின் காரத் தன்மையைக் கூட்டுகிறது. அதனால் நிக்கோடின் விடுபட்டு, கன்னத்தின் மெல்லிய உட்தோல் வழியே விரைந்து இரத்தத்தில் கலக்கிறது. நெஞ்சு படபடக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, மூளை ஒரு கணம் மகிழ்கிறது. அந்த மகிழ்ச்சி தேய்ந்ததும் மீண்டும் கேட்கிறது. இதற்கிடையே சுண்ணாம்பு தோலை அரித்துப் புண்ணாக்குகிறது. புகையிலையைப் பதப்படுத்தும்போது உண்டாகும் நைட்ரோசமைன் என்னும் நச்சுப் பொருள்கள் அதே இடத்தில் ஊறுகின்றன. புற்றுநோய்க்குக் காரணமாகும் பொருள்கள் இருபத்தெட்டேனும் வாய்ப்புகையிலையில் உள்ளன என ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒருவர் நாளொன்றுக்குப் பத்துத் தடவை, தடவைக்கு அரை மணி நேரம் புகையிலையை அதக்குவதாகக் கொள்வோம். நாளுக்கு ஐந்து மணி நேரம். ஆண்டுக்கு 1,825 மணி நேரம். அதாவது, ஏறத்தாழ 76 நாள்கள் இரவு பகலாக, கன்னத்தின் ஒரே இடத்தில் நஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வாய்ப்புற்று பெரும்பாலும் புகையிலையை அதக்கும் அந்த இடத்திலேயே தோன்றுவதில் வியப்பென்ன?

இதை முன்னரே ஆராய்ந்த இடங்களுள் சிங்கப்பூரும் ஒன்று. அங்குப் பணியாற்றிய மியூர், கிர்க் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் வெற்றிலை, புகையிலை, வாய்ப்புற்று ஆகியவற்றின் தொடர்பைப் பற்றி 1960ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் புற்றுநோய் ஆய்விதழில் எழுதினர். பிறகு 1968இல் தொடங்கிச் சிங்கப்பூரில் புற்றுநோயாளர் விவரங்கள் முறையாகத் தொகுக்கப்பட்டன. அப்பதிவகத்தை நிறுவியவர் பேராசிரியர் கனகரத்தினம் சண்முகரத்தினம். (2023இல் சிங்கப்பூரின் அதிபராகப் பதவியேற்ற திரு தர்மன் சண்முகரத்தினத்தின் தந்தையார் இவரே.) எந்த இனத்தாரிடையே எந்தப் புற்று மிகுதி என்பதை இத்தகைய பதிவேடுகள் பிரித்துக் காட்டின. மலேசியாவிலும் வாய்ப்புற்று மற்ற இனத்தாரைவிட இந்தியரிடையே, அதிலும் குறிப்பாகப் பெண்களிடையே, மிகுதி என்பது மருத்துவர் அனைவரும் அறிந்ததே. தோட்டத்து லயங்களில் வெற்றிலைப் பெட்டியைப் பிரியாத பாட்டிமாரை நினைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, புகையிலை சேர்ந்த வெற்றிலை மடிப்பு மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் என 1985இல் அறிவித்தது. 2004இல் அது வெளியிட்ட நூல் இன்னும் ஒரு படி மேலே சென்று, புகையிலை இல்லாவிடினும் பாக்கே புற்றுக்குக் காரணமாகும் என்றது. இச்செய்தி நம்மவருக்குச் சற்றுக் கசப்பானதுதான். திருமணத் தாம்பூலத்தை யாரும் குறை கூறவில்லை. நாள்தோறும் வாயில் ஊறும் பாக்கைப் பற்றியதே இப்பேச்சு.

எல்லாவற்றினும் கொடியது, இந்நோய் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பது. முள் குத்தினால் கத்துகிறோம்; பல் வலித்தால் மருந்தகத்திற்கு ஓடுகிறோம். கன்னத்தின் உள்ளே துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு ஒன்று மாதக்கணக்கில் இருந்தாலும் வலியில்லாமையால் எவரும் பொருட்படுத்துவதில்லை. வெல்வெட்டுத் துணி போன்ற சிவந்த திட்டு அதனினும் ஆபத்தானது. இரண்டு வாரத்திற்கு மேல் ஆறாத புண், காரணமின்றி ஆடும் பல், கழுத்தில் தோன்றும் கட்டி, விழுங்குவதில் தடை, காரம் பட்டால் முன்னில்லாத எரிச்சல் ஆகியவையும் எச்சரிக்கைகளே. பாக்கு மெல்லுவோர்க்குக் கன்னத்தின் உட்சதை நார்போல் இறுகி, வாய் சிறிது சிறிதாக மூடிக்கொள்வதும் உண்டு. நடு மூன்று விரல்களையும் சேர்த்து, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் இடையே நிமிர்த்தி வைத்துப் பாருங்கள். மூன்று விரல் நுழையாவிட்டால் உடனே பல் மருத்துவரைக் காண வேண்டும்.

மாதம் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், முகம் பார்க்கும் கண்ணாடியின் முன் நின்று உதட்டின் உட்புறம், இரு கன்னங்கள், ஈறு, நாக்கின் ஓரங்கள், நாக்கின் அடிப்புறம், மேலண்ணம் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். ஐந்து நிமிடமும் ஆகாது. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் சிறு அறுவையோடு பிழைப்போர் பலர். முற்றியபின் வந்தால் தாடையின் ஒரு பகுதியையே எடுக்க நேரும். உண்பதும் பேசுவதும் அரிதாகும். 2022ஆம் ஆண்டின் உலகக் கணக்கெடுப்பின்படி, இந்திய ஆண்களிடையே மிகுதியாகக் காணப்பட்ட புற்று வாய்ப்புற்றே.

கருவுற்ற பெண்கள் இதை அறவே தொடலாகாது. குழந்தை எடை குறைந்து பிறக்கவும், இறந்தே பிறக்கவும் இது காரணமாகலாம். பொட்டலத்தைக் குழந்தைகள் எடுத்து விழுங்கினால் நஞ்சாகும்.

நெடுநாள் பழகியவர் இனி விட்டு என்ன பயன் என்று கேட்பவருக்குக் கேரளம் விடை தருகிறது. எர்ணாகுளம் மாவட்டத்துச் சிற்றூர்களில் புகையிலைப் பழக்கமுடைய பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோரை, டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தார் 1970களின் பிற்பகுதியிலிருந்து பத்தாண்டுக் காலம் தொடர்ந்து சென்று கண்டனர். நேரில் பேசியும், திரைப்படம் காட்டியும், வானொலி, செய்தித்தாள் வழியாகவும் பழக்கத்தை விடுமாறு அறிவுறுத்தினர். விட்டவர்களிடம் வாயில் புதிதாக வெண்திட்டுத் தோன்றுவது வெகுவாகக் குறைந்தது. எழுத்தாலும் பேச்சாலும் ஆவது என்ன என்று எம்மைப் போன்ற செய்தித்துறையாரைக் கேலி செய்வோருக்கும் இதைச் சொல்லலாம்!

விடுவதற்கு ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, அதை வீட்டாரிடமும் உடன் வேலை செய்வோரிடமும் கூறுங்கள். மீதமுள்ள பொட்டலத்தை அன்றே எறிந்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள்கள்தாம் கடினம். தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை, காரணமற்ற கோபம் ஆகியவை வரும். வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் அவை தணியும். நாவூறும்போது சோம்பு, ஏலக்காய், கிராம்பு ஆகியவற்றுள் ஒன்றை மெல்லலாம், தண்ணீர் குடிக்கலாம். பாக்கை மட்டும் மாற்றாகக் கொள்ள வேண்டாம். புகையிலையை விட்டுச் சிகரெட்டைப் பிடிப்பது, எண்ணெய்ச் சட்டியிலிருந்து நெருப்பில் விழுவது போன்றது. பல்வலிக்காகத் தொடங்கியவர் முதலில் பல்லைக் காட்டி மருத்துவம் செய்துகொள்ள வேண்டும். இல்லையேல் பழக்கம் திரும்பி வரும்.

தனித்து விட இயலாதவர்க்கு நிக்கோடின் கலந்த மெல்லும் மருந்து போன்ற உதவிகளும் உண்டு. அவற்றை மருத்துவரின் ஆலோசனையோடு பயன்படுத்த வேண்டும். சிங்கப்பூரில் இருப்போர் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் 1800 438 2000 என்னும் எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம். இந்தியாவிலுள்ள உறவினருக்கு 1800 11 2356 என்னும் எண்ணைத் தெரிவியுங்கள்; இது கட்டணமில்லாத் தேசிய உதவி எண். தோட்டங்களில் வாழ்வோர் அருகிலுள்ள அரசாங்க மருந்தகத்திற்குச் சென்று, எத்தனை ஆண்டுப் பழக்கம், நாளுக்கு எத்தனை தடவை, வாயின் எந்தப் பக்கத்தில் அதக்குவது என்பதை ஒளிக்காமல் கூறுதல் வேண்டும். மருத்துவர் முதலில் பார்க்க விரும்புவது அந்தப் பக்கத்தைத்தான்.