உயிரும் மெய்யும் விசைப்பலகையும்

எழுத்து, ஒலிவடிவம் வரிவடிவம் என இருவகைப்படும். செவியாற் கேட்பது ஒன்று. கண்ணாற் காண்பது மற்றொன்று. இவ்விரண்டும் எக்காலும் ஒருவழியே செல்வன அல்ல. தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் பேருந்தின் நெற்றியைப் பாருங்கள். அங்குள்ள இரண்டு ஊர்ப்பெயர்களே நமக்குப் பாடமாகும்.

'தெ' என்று ஒலிக்குங்கால் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் பிறக்கின்றன. உயிர்மெய்க்கு இலக்கண நூலார் கூறிய முறையும் இதுவே. எழுதுங்காலோ கொம்பை முதலில் இட்டு, அதன் பின்னரே தகரத்தை வரைகின்றோம். கையால் எழுதுவோர்க்கு இதனால் இடர் இல்லை. பொறியைக்கொண்டு எழுதப் புகுந்தபோதுதான், செவிவழிச் செல்வதா கண்வழிச் செல்வதா என்னும் வினா எழுந்தது.

தமிழ் எழுத்துகள் 247. இத்தனைக்கும் தனித்தனி விசை அமைத்தல் இயலாது. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாய் நாடு சென்ற ஆர். முத்தையா என்பார், கால், கொம்பு முதலிய உறுப்புகளுக்குத் தனி விசை வகுத்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். தாள் நகர நகர அடிக்கும் அப்பொறி கண்வழி நின்றது. அதில் 'தெ' வேண்டுமாயின் கொம்பையே முன்னர் அடித்தல் வேண்டும். இரும்புப் பொறிக்கு வேறு வழி ஏது? அவர் செய்தது அருஞ்செயலே.

கணிப்பொறியில் அந்தக் கட்டு இல்லை. தட்டும் விசைக்கும் திரையில் தோன்றும் உருவுக்கும் இடையே மென்பொருள் நின்று ஒழுங்கு செய்கின்றது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகை, செவிவழிச் செல்வது. உயிர் பன்னிரண்டும் இடக்கைப் பக்கம். மெய்கள், அகரமேறிய உருவில், பெரும்பாலும் வலக்கைப் பக்கம். வலக்கை தகரத்தையும் இடக்கை எகரத்தையும் தட்டினால், கொம்பு தானே முன்சென்று 'தெ' ஆகும்.

'குற்றாலம்' இதனினும் சுவையானது. க, உ, ற, ற, ஆ, ல, ம, புள்ளி என எட்டு முறை தட்டினாற் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வரின் முன்னதற்குப் பொறியே புள்ளி வைத்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வரினும் அவ்வாறே. 'பந்து', 'கம்பு', 'கன்று' என்பவற்றின் நடுவே நாம் புள்ளியிட வேண்டுவதில்லை. வகுப்பில் நீங்கள் மனப்பாடம் செய்யும் இனவெழுத்தைப் பொறியும் கற்றிருக்கின்றது! 'தென்காசி'யில் னகரத்திற்குக் ககரம் இனமன்று. ஆதலின் அங்குப் புள்ளியை நாமே இடல் வேண்டும். 'மமதை' என்பதிலோ புள்ளி வாராமல் தடுத்தல் வேண்டும். அதற்கு முதல் மகரத்தின்பின் அகரத்தையும் தட்டுக. ம் என்னும் மெய்யோடு அகரம் கூடியே 'ம' ஆயிற்று என்பது விரலுக்கும் விளங்கும். (பழங்கல்வெட்டுகளிற் பெரும்பாலும் புள்ளி இல்லை, படிப்போரே அறிந்து இட்டுக்கொண்டனர்.)

உலக மொழிகட்குப் பொதுவாக 1991இல் வெளிவந்த ஒருங்குறியில், 'த' என்பதே அடிப்படை. அதனோடு புள்ளி சேர்ந்து 'த்' ஆகின்றது. இலக்கணம் கற்றார்க்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆயினும் அங்கும் 'தெ' என்பது, தகரம் முன்னும் கொம்பு பின்னுமாகவே பதிவாகின்றது.

இந்நாளில் ஆங்கில எழுத்தைத் தட்டித் தமிழைப் பெறுவோர் பலர். எளிதுதான், எனினும் 'எல்' என்னும் ஓரெழுத்தினின்று லகரமும் ளகரமும் பிறத்தல் வேண்டும். பொறி எடுத்து நீட்டும் சொல்லை நோக்காது ஏற்பின், 'பள்ளி'க்குச் சென்றவன் 'பல்லி'க்குச் சென்றவனாவான். தமிழ் 99இல் லகர, ளகர, ழகரங்கள் மூன்றும் மூவேறு விசைகளில் உள்ளன. ழகரம் வலக்கைச் சிறுவிரலுக்கு உரியது.