முதியோர் இல்லத்தில் மொழி

பசியும் வலியும் எல்லா மனிதர்க்கும் பொதுவானவை. அவற்றைச் சொல்லும் மொழியோ பொதுவானதன்று. எழுந்து நடக்கவும் இயலாத முதியவருக்கு, தம் சொல் அருகிலிருப்பவருக்கு விளங்காமற்போவதைவிடப் பெருந்துன்பம் வேறு உண்டோ? இவ்விடர்ப்பாட்டை ஜப்பான் நாடு எதிர்கொண்ட விதத்தை நாம் அறிந்துகொள்வது நலம்.

ஜப்பானிய மக்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கும் மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள். பொருளாதார உடன்படிக்கைகளின் வாயிலாக 2008இல் இந்தோனேசியாவிலிருந்தும், 2009இல் பிலிப்பைன்ஸிலிருந்தும், 2014இல் வியட்நாமிலிருந்தும் பராமரிப்புப் பணியாளர்கள் அங்குச் செல்லத் தொடங்கினர். அங்கேயே நிலைத்துப் பணியாற்ற விரும்பியோர் ஜப்பானிய மொழியிலேயே அரசுத் தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2012ஆம் ஆண்டில் அவர்களுள் 95 பேர் அத்தேர்வை எழுதினர். தேறியவர் 36 பேரே. மூன்றாண்டுகள் பணிசெய்து பழகிய கைகளுக்கும் எழுத்து தடையாய் நின்றது.

2013ஆம் ஆண்டுத் தேர்வில் அவர்களுக்கு ஒன்றரை மடங்கு நேரம் அளிக்கப்பட்டது. சீனத்திலிருந்து வந்த கடினமான கான்ஜி எழுத்துகளுக்கெல்லாம் ஒலிப்பைக் காட்டும் சிற்றெழுத்துகளும் சேர்க்கப்பட்டன. வினாக்கள் எளிதாகிவிடவில்லை, வழியில் கிடந்த கல் அகற்றப்பட்டது.

எனினும், தேர்வில் தேறுவதோடு தடை நீங்கிவிடுமா? படுக்கைப்புண்ணை நூல்கள் ‘ஜொகுசோ’ என்கின்றன. பாட்டிமாரோ ‘தொகோசுரே’ என்பர். விண்விண்ணென்று தெறிக்கும் வலி ‘சுகிசுகி’, சுருக்சுருக்கென்று குத்துவது ‘சிக்குசிக்கு’, எரிவது ‘ஹிரிஹிரி’. நம் இலக்கண வகுப்பில் படித்த இரட்டைக்கிளவி நினைவுக்கு வருகிறதன்றோ? இச்சொற்களை அகராதியைவிட முதியோரின் அருகிலமர்ந்தே நன்கு கற்கலாம். வலியின் தன்மை அறியாதவர் மருத்துவரிடம் எதைக் கூறுவார்?

ஆகவே பராமரிப்போர் சில நெறிகளைக் கைக்கொள்ள வேண்டும். சிறு சிறு வாக்கியங்களில் பேசுதல்; ஒரு நேரத்தில் ஒரே வினாவைக் கேட்டல்; வலிக்கும் இடத்தைப் படத்திலோ உடலிலோ தொட்டுக் காட்டச் செய்தல்; கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தல் ஆகியவை அவை. தலையசைப்பை மட்டும் நம்பலாகாது. ‘ஆம்’ எனப் பொருள்படும் ‘ஹாய்’ என்ற சொல், ‘கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் ஜப்பானியரால் ஆளப்படுகிறது. மறதி நோயுற்றோரிடம் முகத்தையும் கையசைவையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்குக் கற்க வேண்டியவர் வந்தவர் மட்டுமல்லர். எளிய சொல்லால் பேச உடன் பணியாற்றுவோரும் பழக வேண்டும். பாதி வழி ஒருவரும் மீதி வழி மற்றவரும் நடந்தால் இருவரும் சந்திப்பர். நாளை செவிலியராகவும் மருத்துவராகவும் பணிபுரியப்போகும் நாம், பேசக் கற்பது போலவே பொறுமையுடன் கேட்கவும் இன்றே கற்போமாக!