வாயால் மூச்சு விடும் குழந்தை

கிராமப் பள்ளிக்கூடங்களில் சில பிள்ளைகள் எப்பொழுதும் வாயைத் திறந்தவண்ணமே உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அழைத்தால் உடனே திரும்பார்; சொன்னதையே மறுபடியும் கேட்பர். மந்தபுத்தியென்று வீட்டார் ஏசுவதும், உபாத்தியாயர் கடிந்துகொள்வதும் உண்டு. ஆனால் அவர்களுள் சிலருக்குக் குறை புத்தியிலன்று, மூக்கின் பின்புறத்தில் இருக்கிறது.

மூக்கு தொண்டையோடு சேரும் இடத்தில், அண்ணத்திற்கு மேலே, அடினாய்டு என்னும் மெல்லிய சதை எல்லாக் குழந்தைகளுக்கும் உண்டு. மூச்சுடன் வரும் கிருமிகளைத் தடுப்பது அதன் தொழில். வாயைத் திறந்து பார்த்தால் அது தெரியாது. 3 வயது முதல் 7 வயது வரை பெரிதாயிருந்து, பின்னர் சுருங்கிவிடும். அடிக்கடி சளி பிடிக்கும் சில குழந்தைகளுக்கு இது மிதமிஞ்சி வீங்கி மூச்சு வழியை அடைக்கும். நடுச்செவிக்குச் செல்லும் குழலையும் அடைத்தால் செவியினுள் நீர் தேங்கிக் காது மந்தமாகும். பெரும்பாலும் வலி இராதாகையால் பெற்றோர் அறியார். இச்சதைக்கும் செவிமந்தத்திற்கும் உள்ள தொடர்பை 1868ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் நகரத்து வைத்தியர் வில்ஹெல்ம் மேயர் விளக்கினார்.

கவனிக்கவேண்டிய அறிகுறிகளாவன:

1. சளி இல்லாத நாளிலும் வாயால் மூச்சு விடுதல்.
2. உரத்த குறட்டை, உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருதல்.
3. மூக்கடைத்த குரல்.
4. அடிக்கடி காதுவலி அல்லது சீழ் வடிதல்.

குளிர்ந்த எவர்சில்வர் தட்டை மூக்கின் கீழ்ப் பிடித்தால் இரு நாசிகளின் ஆவியும் அதன்மேல் படியவேண்டும். குழந்தையின் பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லி அழைத்தும் பார்க்கலாம். ஐயம் தோன்றினால் வைத்தியரிடம் காட்டுக.

காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுதல், மூக்கினுள் ஊதுதல் ஆகிய வழக்கங்களை விட்டொழிக்க வேண்டும். எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் ஆபத்து. பலருக்குப் பொறுத்திருத்தலும், வைத்தியர் தரும் மூக்கு மருந்துமே போதும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவோர்க்கும், செவிநீர் மாதக்கணக்கில் வற்றாதோர்க்கும் ரண சிகிச்சை வேண்டியிருக்கலாம். மயக்க மருந்து கொடுத்து, வாய் வழியாகவே சதையை அகற்றுவர். வெளியில் காயம் இராது.

2013ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற தேசியக் குழந்தை ஆரோக்கியத் திட்டத்தின்படி, வைத்தியக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் சர்க்கார் பள்ளிகளிலும் பிள்ளைகளைப் பரிசோதிக்கின்றன. செவிக்குறையும் அதில் அடங்கும். குழு வரும் நாளைச் சங்கக் கூட்டத்தில் அறிவித்து, ஒரு பிள்ளையும் விடுபடாமல் அனுப்புவது அங்கத்தினர் கடமை.

கடன் தவணையை நாள் தவறாது நினைவில் வைக்கும் நாம் இதையும் நினைவில் வைப்போமாக. சதை பின்னாளில் தானே சுருங்கலாம். காதில் விழாமற்போன பாடம் தானே திரும்பி வராது.