சிறு பரிசும் பணி ஊக்கமும்

ஊழியரின் ஊக்கத்தைப் பெருக்கப் பெருந்தொகை தேவை என்னும் கருத்து நிர்வாகத்தில் வேரூன்றியுள்ளது. இந்திய ரயில்வேயின் அனுபவம் இதனை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகிறது.

உற்பத்தித் திறனுடன் இணைந்த போனஸ் ரயில்வேயில் 1979-80 முதல் நடைமுறையில் உள்ளது. 2023-24ஆம் ஆண்டுக்கு, அரசிதழ்ப் பதிவு பெறாத ஊழியர்களுக்கு 78 நாள் ஊதியம் வழங்கப்பட்டது. உச்சவரம்பு 17,951 ரூபாய். குடும்பங்களுக்கு இது பேருதவி. எனினும், பெரும்பாலும் அனைவருக்கும் ஒரே தொகையாகக் கிடைப்பதால், தனியொருவரின் உழைப்பை அது அடையாளங் காட்டுவதில்லை.

மற்றொரு வகைப் பரிசைக் காண்போம். குளிர்காலத்தில் தண்டவாளம் சுருங்கி முறிவு ஏற்படக்கூடும். மூடுபனியில் நடந்து சென்று பார்வையிடும் பாதைப் பராமரிப்பு ஊழியர் அதனைக் கண்டு, சிவப்பு விளக்குக் காட்டி வண்டியை நிறுத்துகிறார். அவருக்குச் சான்றிதழும் சிறு ரொக்கப் பரிசும் வழங்கப்படுகின்றன. தொகை சிறிதே, ஆயினும் அவர் செய்த செயலை நிர்வாகம் அறியும் என்பதை அது உணர்த்துகிறது.

சிறு பரிசு பயன்தர மூன்று நிபந்தனைகள் உண்டு. முதலாவதாக, குறிப்பிட்ட செயலுக்கே அதனை வழங்க வேண்டும். இரண்டாவதாக, தாமதமின்றி, சக ஊழியர் முன்னிலையில் வழங்க வேண்டும். மூன்றாவதாக, தேர்வு நேர்மையாக இருத்தல் வேண்டும். முறைவைத்து வழங்கினால் பரிசு மற்றுமொரு படியாகிவிடும்; வேண்டியவர்க்கு வழங்கினாலோ பிறரது ஊக்கத்தையும் கெடுக்கும்.

பரிசு, ஊதியத்திற்கோ பணி வசதிகளுக்கோ ஈடாகாது. முறிவைக் கண்டவருக்குச் சான்றிதழ் அளிக்கும் அதிகாரி, அவருக்கு உறுதியான காலணியும் ஒளி குன்றாத விளக்கும் அளிக்கப்பட்டுள்ளனவா என்பதையும் அன்றே விசாரித்தறிதல் கடமையாகும்.