எரிமலைக்கு அடியில் என்ன நடக்குது?

நம் நாட்டில் இன்றும் வெடிக்கிற எரிமலை ஒன்று இருப்பது உங்களுக்குத் தெரியுமா? அதுதான் அந்தமான் கடலில் உள்ள பாரன் தீவு. போர்ட் பிளேர் என்று இருந்த ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து சுமார் 140 கி.மீ. தூரம். மனிதர் யாரும் அங்கே குடியில்லை. 1787-இல் அது வெடித்ததை எழுதி வச்சிருக்காங்க. 1832-க்குப் பிறகு 150 வருஷத்துக்கு மேல் தூங்கி, 1991-இல் எழுந்தது. பிறகு 1994, 2005, 2017, 2025 என்று பல தடவை பொங்கிவிட்டது.

மாக்மா எப்படி உண்டாகிறது?

பூமிக்குள்ளே முழுக்கக் குழம்புதான் என்று பலர் நினைக்கிறாங்க. அப்படி இல்லை. கவசம் என்ற அடுக்கு மிகவும் சூடு. ஆனாலும் அழுத்தத்தால் கெட்டிப் பாறையாகவே இருக்கு. அந்தமான் பக்கம் இந்தியப் புவித்தட்டு, பர்மா தட்டுக்கு அடியில் நுழையுது. கடலில் ஊறிய அந்தத் தட்டு தண்ணீரையும் கூடவே கொண்டுபோகும். சுமார் 100 கி.மீ. ஆழத்தில் அந்தத் தண்ணீர் கவசப் பாறையில் சேரும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸ்கட்டியில் கல் உப்பு போடுவார் அல்லவா? உப்பு பட்டால் அந்தக் குளிரிலும் ஐஸ் உருகும். அதே மாதிரி, தண்ணீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகும். அதுதான் மாக்மா.

எப்படி மாறுகிறது?

மாக்மா சுற்றியுள்ள பாறையைவிட லேசு. அதனால் மேலே ஏறி, நடுவில் தங்கும். ஆற ஆற, இரும்பும் மக்னீசியமும் நிறைந்த படிகங்கள் முதலில் உறையும். மிச்சக் குழம்பில் சிலிக்கா கூடும். கொப்பரையில் கரும்புப் பாகு இறுகுற மாதிரி அதுவும் இறுகும். இளகிய மாக்மாவில் வாயு சுலபமாக வெளியேறும். இறுகியதில் வாயு அடைபட்டு, பலமாக வெடிக்கும். அடிக்கடி பொங்கும் எரிமலையில் கீழிருந்து புது மாக்மா வந்து கலந்துகொண்டே இருக்கும். பாரன் தீவில் பெரும்பாலும் இளகிய பசால்ட் லாவாதான். வடக்கே தூங்கும் நார்கொண்டம் தீவின் பாறையில் சிலிக்கா அதிகம்.

நமக்கு என்ன?

நம்ம கல்வராயன் மலை வெடிக்குமா? பயம் வேண்டாம். அது எரிமலை இல்லை. பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறிய சார்னோக்கைட் பாறை அது. வயசு சுமார் 250 கோடி ஆண்டு. தட்டு நுழைகிற இடம் நமக்கு 1000 கி.மீ.க்கும் அப்பால் இருக்கு. ஆனால் அதே தட்டு அசைந்துதான் 2004 டிசம்பர் 26-இல் சுனாமி வந்து, கடலூர், நாகப்பட்டினம் கரையில் எத்தனையோ உயிர் போச்சு. ஆகவே கடற்கரைக்குச் சுற்றுலா போகும்போது கடல் திடீரென உள்வாங்கினால், வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடுங்கள். கூட இருப்பவரையும் கூப்பிடுங்கள்!

- 9-ஆம் வகுப்பு மாணவி